"ஃபுல் சர்வீஸ் முடிச்சாச்சு" என்று சொல்லி விற்ற கார்: ஐந்தாவது வாரம் இன்ஜின் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். மதுரையில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2016 மாடல் டீசல் கார் ஒன்றை 3,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1,85,000 வங்கி மூலமும், 2 லட்சம் ரொக்கமாகவும் கொடுத்தேன். ரொக்கத்துக்கு ரசீது தரவில்லை. வாங்குவதற்கு முன் கடைக்காரர் வாட்ஸ்அப்பில், "அண்ணே, பெல்ட், ஆயில், பிரேக் எல்லாம் மாத்தி ஃபுல் சர்வீஸ் முடிச்சுத்தான் சாவியைக் கொடுப்பேன், கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்று வாய்ஸ் அனுப்பினார். அதை நம்பி என் மெக்கானிக்கை அழைத்துப் போகவில்லை. ஐந்தாவது வாரம் உச்சிப்புளி அருகே இன்ஜின் நின்றுவிட்டது. டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன, அது பல வருடம் மாற்றாத பெல்ட் என்கிறார் மெக்கானிக். செலவு 82,000 ஆகுமாம். வண்டிக்கு அடியில் துரு, சைலன்சரில் ஓட்டை வேறு. கேட்டால், "உள்ளது உள்ளபடி எடுத்துக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நான் கமிஷன் ஆள்தான், வேணும்னா 15,000 தர்றேன்" என்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டு, இன்ஜினை மேற்கொண்டு பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டமெல்லாம் அப்புறம். இப்போதைக்கு உங்கள் வழக்கே அந்த அறுந்த பெல்ட்டில்தான் இருக்கிறது. அதைத் துடைக்காமல், வண்டியில் இருந்த நிலையிலும் கழற்றிய பிறகும் படம் எடுங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் சேர்த்து எடுங்கள். பெல்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, மெக்கானிக்கின் கையெழுத்தை வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். பழைய ஆயிலிலும் ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள். ஷெட்டில் கிடந்தால் நாளைக்கே பழைய இரும்போடு போய்விடும். இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைத் திறந்திருந்தால் உள்ளே ஆயில் தடவி மூடச் சொல்லுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் இன்ஜினில் சீக்கிரமே துரு ஏறிவிடும். பிறகு எது டீலர் விட்ட குறை, எது காற்று செய்த வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டி வாங்குகிற எல்லோரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி உண்மைதான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்பவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சில உத்தரவாதங்கள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வாங்குபவர் இன்ன உபயோகத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. ஆனால் இப்படிச் சொல்லாமலே வரும் உத்தரவாதங்களை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் விலக்கிக்கொள்ளலாம் என்று 62-ஆம் பிரிவும் இருக்கிறது. "உள்ளது உள்ளபடி" என்ற வரி அந்த வேலையைத்தான் செய்கிறது. அதனால் பொதுவாக வண்டி சரியில்லை என்று மட்டும் சொல்லிப் போனால் அந்தத் தாள் உங்களுக்கு எதிராக நிற்கும்.

உங்களிடம் இருப்பது வேறு. சொல்லாமல் வந்த உத்தரவாதம் அல்ல, அவரே வாய்விட்டுச் சொன்ன வாக்கு. பெல்ட் மாற்றித்தான் கொடுப்பேன் என்றார், அதையும் சேர்த்துத்தான் நீங்கள் விலை கொடுத்தீர்கள். மாற்றாமலே சாவியைக் கொடுத்திருந்தால் அது சேவைக் குறைபாடு. மாற்றிவிட்டதாக நம்ப வைத்து விற்றிருந்தால் நியாயமற்ற வணிக நடைமுறை. இரண்டும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பார்த்து எடுத்துக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்ததால், செய்யாத சர்வீஸ் செய்ததாக ஆகிவிடாது. ஓட்டிப் பார்த்தாலும் மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் கண்ணுக்குத் தெரியாது.

துருவும் சைலன்சர் ஓட்டையும் அப்படியல்ல. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாங்குபவர் பரிசோதித்து எடுத்த பொருளில், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்று அதே 16-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு உங்கள் ஊர் பாம்பன். "கடலுக்கு நடுவுல வண்டியை நிறுத்திட்டு துருவுக்கு என்னைக் கேட்டா எப்படி?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். தனுஷ்கோடி போய் அரிச்சல்முனையில் அலை டயரைத் தொடுகிற மாதிரி வண்டியை நிறுத்தி ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் நிறையப் பேர். நீங்களும் போட்டிருந்தால் அந்தப் படம் நிச்சயம் வழக்குக்குள் வரும். பெல்ட் அறுந்ததற்கும் உப்புத் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. துருவைப் புகாரில் சேர்த்தால்தான் சம்பந்தம் உண்டாகும். விட்டுவிடுங்கள்.

"நான் கமிஷன் ஆள்தான்" என்ற பதிலை இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். விற்பனைக்கு வந்த 1,85,000 யார் கணக்கில் விழுந்தது என்று பாருங்கள். அவர் கணக்கு என்றால் அந்தப் பேச்சு பாதி அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு வாய்ஸ் இருக்கிறது. சர்வீஸ் செய்து தருவேன் என்று சொன்னது அவர், பழைய ஓனர் அல்ல. இன்னொன்றும் உண்டு. பழைய வாகனம் விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்றவரிடம் ஓனர் வண்டியை ஒப்படைத்து ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அது கைமாறும் வரை டீலரே ஓனராகக் கருதப்படுவார். இவரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று, நீங்கள் அவருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே கேளுங்கள். இருந்து, ஓனர் ஒப்படைத்ததும் ஆன்லைனில் பதிவாகியிருந்தால் கமிஷன் ஆள் என்ற வாதம் நிற்காது. இல்லையென்றால் அதையும் அவர் விளக்க வேண்டும்.

நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில், அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். அதில் கோபத்தைக் கொட்ட வேண்டாம், கேள்வி கேளுங்கள். சர்வீஸ் எந்த ஒர்க்‌ஷாப்பில் நடந்தது? எந்தத் தேதியில்? ஒர்க்ஷாப்பில் செய்த வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டு எங்கே? பெல்ட் வாங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் பில் எங்கே? உண்மையிலேயே மாற்றியிருந்தால் ஒரு பில்லாவது இருக்கும். பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்களுக்குச் சாட்சி. கூடவே, பத்து நாளைக்குள் உங்கள் மெக்கானிக்கோடு வந்து வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதன்பின் ரிப்பேர் செய்துவிடுவேன் என்றும் எழுதுங்கள். வழக்கு முடியும் வரை வண்டியை ஷெட்டில் போட்டுவைக்க வேண்டியதில்லை. வாய்ப்புக் கொடுத்தும் அவர் வரவில்லை என்றால், நீங்கள் வேலை பார்த்ததைக் குறை சொல்ல முடியாது. கழற்றிய வால்வுகளையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக்கிடம் அவர் கண்டதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பிறகு அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யலாம்.

வாய்ஸ் மெசேஜை வேறு ஆளுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு போனை மாற்றிவிடாதீர்கள். அது வந்து விழுந்த போன் உங்களிடம் இருக்க வேண்டும். அதை எழுத்தாகப் பெயர்த்து, பென் டிரைவில் பதிந்து, மின்னணு ஆதாரங்களுக்குத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படியான சான்றோடு தாக்கல் செய்ய வேண்டும்.

ரொக்கம் கொடுத்த 2 லட்சத்தைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அபராதம் வாங்கியவருக்குத்தான். பேரம் பேசும்போது இதை அவர் மறக்க மாட்டார். ரசீது இல்லாவிட்டாலும், ரொக்கம் கொடுத்ததைக் காட்ட அன்றைக்கு வங்கியில் பணம் எடுத்த பதிவும், விலை பேசிய மெசேஜும் உதவும்.

வழக்குக்காக நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருந்தது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய அனுமதிக்கிறது. ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். கால வரம்பு இரண்டு வருடம். எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. வழக்கு சில மாதங்களில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

புகாரை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்துப் போட்ட அந்தத் தாளே "நியாயமற்ற ஒப்பந்தம்", அதை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நில்லுங்கள். கருவாடு ஏற்றுவதால் இது வணிக உபயோகம் என்றும் கிளப்புவார்கள். பிழைப்புக்காக நீங்களே சுயதொழில் செய்து வண்டியைப் பயன்படுத்துவதாக இருந்தால் நீங்கள் நுகர்வோர்தான். அதைப் புகாரின் முதல் பாராவிலேயே எழுதிவிடுங்கள். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரட்டும் என்பதை மாற்றுக் கோரிக்கையாக வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக ரிப்பேர் செலவு, வண்டி நின்ற நாட்களின் நஷ்டம், மன உளைச்சல், வழக்குச் செலவு இவற்றைக் கேளுங்கள். ஐந்து வாரம் ஓட்டிய வண்டிக்கு முழு விலையும் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏமாற்றுதல் என்று காட்ட, விற்கும்போதே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதில்தான் முடியும். அங்கே ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டால் நுகர்வோர் வழக்கும் பலவீனமாகிவிடும்.

ஆர்.சி.யை மாற்றுவதற்கு இந்த வழக்கு முடியும் வரை காத்திருக்காதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, தாமதக் கட்டணத்தோடு போடுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். நாளைக்கு வண்டி எங்காவது இடித்தால், சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று கம்பெனி கையை விரித்துவிடும்.

கடைசியாக அந்த 15,000. வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், நோட்டீஸ் போன பிறகு தொகை உயரும் என்பேன். எந்தத் தொகையானாலும் வங்கிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரச் சொன்னால், உங்களுக்கு அது உண்மையிலேயே முழுத் தீர்வாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் "ரிப்பேர் செலவில் ஒரு பகுதியாக" என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தைத் தொடாதீர்கள்.