அந்த அட்டையைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சந்தையில் ஒரு பழைய போட்டோ வாங்கினேன். முத்துமாலை அணிந்த பிரபுகுலத்துப் பெண்மணி, மடியில் கவுன் போட்ட பெண் குழந்தை. கீழே ‘பஸானோ, 25 ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட்’ என்று அச்சாகியிருக்கிறது. பின்புறம் பென்சிலில் எழுதியதில் ‘லேடி’ மட்டும்தான் தெரிகிறது. படம் ஒட்டியிருக்கும் அட்டை முழுக்கக் கறை. படத்தை மட்டும் உரித்தெடுத்து, ஈரத்துணியால் துடைத்து ஃபிரேம் போடலாமா? இவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தயவுசெய்து உரிக்காதீர்கள், ஈரத்துணி படவே கூடாது. அந்தக் காலத்துப் படங்களில் உருவம் தங்கியிருப்பது பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு அல்லது ஜெலட்டின் பூச்சில்தான். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறி இளகிவிடும். துடைக்கும்போது அந்த அம்மாவின் முகமே துணியோடு வந்துவிடலாம். கறை இருந்துவிட்டுப் போகட்டும். இவர்கள் யார் என்பதற்கான தடயமெல்லாம் அட்டையில்தான் இருக்கிறது.

முதலில் முகவரி. பஸானோ ஸ்டூடியோ 1877 முதல் 1921 வரை அந்த விலாசத்தில் இருந்தது. நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் என்பது பெரிய இடைவெளி. அதைக் குறுக்க உடையைப் பாருங்கள். தோளில் பலூன் போல உப்பிய கை என்றால் 1895-ஐ ஒட்டிய படம். இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறி, பாவாடை ஒடுங்கி நேராக விழுந்தால் 1910 பக்கம் வந்துவிட்டோம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆண்டைக் கணிக்க அம்மாவின் உடைதான் உதவும். குழந்தை கவுன் போட்டிருப்பதால் பெண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அன்றைய இங்கிலாந்தில் ஆண் பிள்ளைகளுக்கும் நாலைந்து வயதுவரை கவுன்தான். மகளைத் தேடிக்கொண்டே இருந்தால் மகனைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அப்புறம் அந்தப் பென்சில் எழுத்து. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை அட்டையின் விளிம்போடு படுக்கவைத்தாற்போல் அடியுங்கள். கரி அழிந்திருந்தாலும் பென்சில் முனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். ‘லேடி’க்கு அடுத்து என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். ‘லேடி மேரி இன்னார்’ என்று சொந்தப் பெயரும் வந்தால், அநேகமாக அவர் டியூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகிய உயர்ந்த பிரபுப் பட்டங்களில் ஒன்றை உடையவரின் மகள். ‘லேடி’யை அடுத்து நேராகக் குடும்பப் பெயரோ பிரபுப் பட்டத்தின் பெயரோ வந்தால், பெரும்பாலும் நைட், பேரனெட் (இருவருமே ‘சர்’ என்று அழைக்கப்படுபவர்கள்) அல்லது பிரபு ஒருவரின் மனைவி. முதல் வகை என்றால் பிறந்த வீட்டில் தேட வேண்டும், இரண்டாவது என்றால் புகுந்த வீட்டில். 1826-ல் முதன்முதலாக வெளிவந்த ‘பர்க்ஸ் பியரேஜ்’ என்ற பிரபுகுல வம்சாவளி நூலைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம்.

பெயர் கிடைத்துவிட்டால் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் இணையதளத்துக்குப் போங்கள். பஸானோ நெகட்டிவ்களின் பெரும் தொகுப்பு அவர்களிடம் இருக்கிறது. பலவற்றில் படம் எடுத்த தேதியே பதிவாகியிருக்கிறது. அதே உடை, அதே நாற்காலியில் இன்னொரு படம் தட்டுப்பட்டால் கேள்விக்கே இடமில்லை. அங்கே இல்லையென்றால் ‘தி ஸ்கெட்ச்’, ‘தி டாட்லர்’, ‘கன்ட்ரி லைஃப்’ பழைய இதழ்களைப் புரட்டுங்கள். பிரபுகுலத்துத் தாய்மார்கள் குழந்தையோடு இருக்கும் படங்களை இவை விரும்பி வெளியிட்டன.

சரி, ஃபிரேம் விஷயம். இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் எடுத்து, அந்தப் பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். அசலை அமிலமற்ற காகித உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள். லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். இருண்ட இடங்களில் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிந்தால் பயப்படாதீர்கள். அது வெள்ளி மேலே வந்து படிவது, வயதான ஜெலட்டின் படங்களில் சகஜம். அதைத் தேய்த்துப் போக்கப் பார்க்காதீர்கள். அட்டை விரிசல் விட்டிருந்தால் மட்டும் பழைய படங்களைச் செப்பனிடும் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பென்சில் எழுத்து பிடிபட்டதும் எனக்கு எழுதுங்கள். அடுத்த படியைச் சேர்ந்தே பார்க்கலாம்.