மருத்துவக் கஞ்சா அட்டை இருந்தால் துப்பாக்கி வைத்திருக்கலாமா? அமெரிக்க வாசகர்களின் கேள்விகள்

மாநில அரசு நோயாளிகளுக்குத் தரும் மருத்துவக் கஞ்சா அட்டையும் துப்பாக்கி உரிமையும் பற்றி அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். 2025 இறுதி வரையிலான நிலவரத்தை வைத்தே இதை எழுதியிருக்கிறேன். இந்தச் சட்டம் வேகமாக மாறிக்கொண்டிருப்பதால் தேதியைக் கவனத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் மீது வழக்கே வந்துவிட்டால் இந்தப் பக்கம் உதவாது. உங்கள் மாநிலத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞரிடம் போங்கள்.

முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலி தாங்காமல், மருத்துவர் சொல்லி, புளோரிடாவில் கஞ்சா அட்டை வாங்கினேன். வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை ஒப்படைத்துவிட வேண்டுமா? – ஆர்லாண்டோ வாசகர்

அட்டை வந்த மறுநாளே கதவைத் தட்டி யாரும் துப்பாக்கியைக் கேட்கப்போவதில்லை. புளோரிடா மாநிலச் சட்டப்படி நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சிக்கல் மத்திய சட்டத்தில்தான். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 1970-இல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, கட்டுப்பாடு மிக அதிகமான முதல் பட்டியலில் வைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மாநிலம் அனுமதித்த மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்பவரும் வாஷிங்டனின் பார்வையில் சட்டவிரோதப் பயனாளர்தான். 1996-இல் கலிபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த நாளிலிருந்து இந்த முரண்பாடு நீடிக்கிறது.

இந்தச் சட்டம் பார்ப்பது அட்டையை அல்ல, பயன்பாட்டை. அட்டையே இல்லாமல் வார இறுதியில் கொலராடோவில் கடையில் வாங்கிப் புகைப்பவருக்கும் இதே தடை உண்டு. நோயாளிக்கு உள்ள வேறுபாடு, அவர் பெயர் ஓர் அரசுப் பதிவேட்டில் எழுத்தில் இருக்கிறது என்பதுதான். ஒளிவு மறைவு இல்லாமல் வரிசையில் நின்று பதிவு செய்தவருக்கே கூடுதல் ஆபத்து என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டுகளாக இருந்தது. 2022-இல் அதைப் பதினைந்தாக உயர்த்தினார்கள். நடைமுறையில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் வலி நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது அரிது. வேறு ஏதோ காரணத்துக்காகக் கார் நிறுத்தப்படும், வீடு சோதிக்கப்படும், அப்போது கஞ்சாவும் துப்பாக்கியும் ஒன்றாக அகப்படும். வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. அரிது என்பது அனுமதி ஆகிவிடாது. துப்பாக்கியை விடுவதா, மருந்தை விடுவதா என்பதை இந்த ஆபத்தை அறிந்தே முடிவு செய்யுங்கள்.

கடையில் நிரப்பும் படிவத்தில் கஞ்சா பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டால் போதும், யாரும் சரிபார்ப்பதில்லை என்கிறார் நண்பர். உண்மையா? – டல்லாஸ் வாசகர்

உங்கள் நண்பரை அன்போடு தவிர்த்துவிடுங்கள்.

உரிமம் பெற்ற எந்தக் கடையில் துப்பாக்கி வாங்கினாலும் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவரா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. மாநிலம் மருத்துவத்துக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அனுமதித்திருந்தாலும் கஞ்சா மத்திய சட்டப்படி குற்றமே என்ற எச்சரிக்கையையும் 2016-இல் அந்தக் கேள்விக்கு அடியிலேயே சேர்த்துவிட்டார்கள். எனவே 'மாநிலத்தில் சட்டபூர்வம் என்பதால் இல்லை என்று போட்டேன்' என்ற சாக்கு எடுபடாது.

பொய்ப் பதில் தனிக் குற்றம். அதற்கு மட்டுமே பத்து ஆண்டு வரை சிறை. அதிபராக இருந்த ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் வழக்கு நினைவிருக்கும். 2018 அக்டோபரில் டெலவேரில் ஒரு ரிவால்வர் வாங்கியபோது இதே கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். அவர் விஷயத்தில் போதைப்பொருள் கோகெயின். துப்பாக்கி அவரிடம் இருந்தது 11 நாட்கள். 2024 ஜூனில் மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. அவருக்கு மன்னிப்பு வழங்க ஒரு தந்தை வெள்ளை மாளிகையில் இருந்தார். டல்லாஸ் வாசகருக்கு அந்த வசதி இருக்க வாய்ப்பில்லை.

'ஆம்' என்று போட்டால் விற்பனை அங்கேயே நின்றுவிடும், அவ்வளவுதான். உண்மையான பதில் 'ஆம்' என்றால் படிவத்தைத் தொடாமல் வீடு திரும்புவதே மேல்.

அட்டை இருக்கிறது, ஆனால் ஓராண்டாக மருந்தைத் தொடவில்லை. துப்பாக்கி வாங்கலாமா? – லாஸ் வேகஸ் வாசகர்

உங்கள் மாநிலத்திலிருந்தே இதற்கு ஒரு வழக்கு உண்டு. துப்பாக்கிச் சட்டங்களை நிர்வகிக்கும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு, 2011 செப்டம்பரில் கடைக்காரர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த கடிதம் அனுப்பியது. வாடிக்கையாளரிடம் மருத்துவக் கஞ்சா அட்டை இருப்பது தெரிந்தால், அவர் பயனாளர் என்று நம்ப அதுவே நியாயமான காரணம். படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாலும் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் நெவாடாவில் வில்சன் என்ற பெண் துப்பாக்கி வாங்கப் போனார். அவரிடம் அட்டை இருப்பது கடைக்காரருக்கு முன்பே தெரியும், விற்க மறுத்துவிட்டார். அட்டையை ஓர் அரசியல் நிலைப்பாடாகவே வாங்கியதாகவும் கஞ்சா பயன்படுத்துவதில்லை என்றும் வில்சன் வாதிட்டார். 2016 ஆகஸ்டில், நெவாடா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான 'ஒன்பதாவது சுற்று' என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது.

அந்தத் தீர்ப்பில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு இடம் உண்டு. அட்டை வாங்குவதற்கு முன்பே வாங்கிய துப்பாக்கிகளை அவர் வைத்திருப்பதை அந்தக் கடிதம் தடுக்கவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் புதிதாகவும் வாங்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆக, அட்டை அடைப்பது கடையின் கதவை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பாதிப்பது அட்டை அல்ல, மருந்தை உண்மையில் எடுத்துக்கொள்வது.

உங்களுக்கு என் பதில்: மருந்தை விட்டுவிட்டீர்கள் என்பது உண்மையானால் அட்டையை முறையாக ரத்து செய்யுங்கள், ரத்தான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு கடைக்குப் போங்கள். அட்டை காலாவதியாகிவிட்டது, ஆனால் தூக்கத்துக்காக அவ்வப்போது எடுத்துக்கொள்கிறேன் என்றால் உங்கள் நிலை துளியும் மாறவில்லை.

நோயாளிப் பதிவேட்டைக் கடைக்காரரோ எஃப்.பி.ஐ.யோ பார்க்க முடியுமா?

கடைக்காரர் பார்க்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் பதிவேடு சட்டப்படி ரகசியம், எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையோடு அது இணைக்கப்படவில்லை. ஆனால் ரகசியத்தின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஹவாயில் துப்பாக்கி வாங்கவே போலீஸ் அனுமதி வேண்டும். அங்கே போலீசாருக்கு நோயாளி விவரம் எட்டியது. 2017 நவம்பரில் ஹொனலுலு போலீஸ், அட்டை வைத்திருந்த சுமார் 30 பேருக்குக் கடிதம் அனுப்பி, 30 நாட்களுக்குள் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. பின்வாங்கினார்கள் என்பதைவிட, அப்படி ஒரு பட்டியலை அவர்களால் தயாரிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கணவருக்குப் புற்றுநோய், அட்டை அவர் பெயரில். துப்பாக்கி என் பெயரில். நான் கஞ்சாவைத் தொடுவதே இல்லை. – பிட்ஸ்பர்க் வாசகி

அம்மா, உங்கள் உரிமைக்குப் பாதிப்பில்லை. தடை பயன்படுத்துபவருக்குத்தான், அவரைக் கவனித்துக்கொள்பவருக்கு அல்ல. கவலைப்பட வேண்டியது கணவருக்காக. துப்பாக்கி யார் பெயரில் இருந்தாலும், அவர் நினைத்தபோது எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் அது அவர் வசமும் இருப்பதாகவே நீதிமன்றத்தில் வாதிட முடியும். பெட்டகத்தில் வையுங்கள், சாவியோ எண்ணோ அவரிடம் இருக்க வேண்டாம். உங்கள் மாநிலத்தில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞரே மருத்துவக் கஞ்சா நோயாளியாக இருந்துகொண்டு, 2024 ஜனவரியில் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றுபவருக்கே இந்த நிலை.

கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தராத சி.பி.டி. எண்ணெய் மட்டும் பயன்படுத்துகிறேன். தடை உண்டா?

2018-இன் விவசாயச் சட்டம், கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத சணல்வகைக் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த வரம்புக்குள் இருந்தால் தடையில்லை. ஆனால் 2025 நவம்பரில் நாடாளுமன்றம் வரம்பை மிகவும் இறுக்கிவிட்டது: ஒரு புட்டிக்கோ பொட்டலத்துக்கோ மொத்த டி.எச்.சி. 0.4 மில்லிகிராம். இது ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வரும். இன்று அலமாரியில் இருக்கும் பல மிட்டாய்களும் பானங்களும் அப்போது சட்டவிரோதமாகிவிடும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி.யான டிரோனபினால் மாத்திரையை மருத்துவர் சீட்டு எழுதி, மருந்துக் கடையில் வாங்கி விழுங்கினால் நீங்கள் சட்டபூர்வ நோயாளி, துப்பாக்கிக்குத் தடையில்லை. அதே வேதிப்பொருள் செடியிலிருந்து வந்தால் பதினைந்து ஆண்டு.

கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றப்போகிறார்களாமே, பிரச்சினை தீர்ந்துவிடுமா? – சிகாகோ வாசகர்

கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றும்படி 2023-இல் சுகாதாரத் துறை பரிந்துரைத்தது. 2024 மே மாதம் நீதித் துறை விதியை முன்மொழிந்தது. 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அதை விரைவுபடுத்த உத்தரவிட்டார். ஆனால் மூன்றாம் பட்டியலில் இருக்கும் பொருளைக்கூட முறையான மருந்துச் சீட்டு இல்லாமல் பயன்படுத்துவது சட்டவிரோதம்தான். மாநில அட்டை என்பது மருந்துச் சீட்டு அல்ல. மருத்துவர் அதில் பரிந்துரை மட்டுமே செய்கிறார். பட்டியல் மாற்றம் கஞ்சாக் கடைகளின் வருமான வரியைக் குறைக்கும், ஆராய்ச்சிக்கு உதவும். துப்பாக்கி விஷயத்தில் அது மட்டும் போதாது.

நீதிமன்றங்கள் இந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டதாகப் படித்தேன். – ஹூஸ்டன் வாசகர்

பாதி உண்மை, அந்தப் பாதியும் சுவையானது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் ஒரு புதிய அளவுகோலை வைத்தது: துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும். அதன் பிறகு வழக்கறிஞர்கள் எல்லாரும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்ட ஆரம்பித்தார்கள். அன்று கஞ்சாச் சட்டம் இல்லை, ஆனால் குடி இருந்தது, தாராளமாகவே இருந்தது. போதையில் இருக்கும்போது துப்பாக்கியோடு திரியக் கூடாது என்ற விதிகள் கிடைத்தன. குடிப்பழக்கம் உள்ளவர் தெளிவாக இருக்கும்போதும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற விதி கிடைக்கவில்லை.

மிசிசிப்பியில் கார் சோதனையில் பிடிபட்ட டேனியல்ஸ் வழக்கில் உங்கள் ஊருக்கும் பொறுப்பான ஐந்தாவது சுற்று நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. மாதத்தில் சுமார் 14 நாட்கள் புகைப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். பிடிபட்ட நேரத்தில் போதையில் இருந்தாரா என்று யாரும் சோதிக்கவில்லை. அவருக்கு இந்தச் சட்டத்தைப் பொருத்தியது செல்லாது என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிய பிறகு, 2025 ஜனவரியிலும் அதே முடிவு. புளோரிடா நோயாளிகள் தொடுத்த வழக்கைக் கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. 2025 ஆகஸ்டில் பதினோராவது சுற்று நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. மருத்துவர் சொல்படி மருந்து எடுப்பவர்களை ஆபத்தானவர்களாகக் கருத, வழக்கின் இந்தக் கட்டத்தில் ஆதாரமில்லை என்றது.

ஆனால் எல்லாத் தீர்ப்பும் 'இந்த மனிதருக்கு, இந்தச் சூழ்நிலையில்' என்ற வரம்போடு வருகிறது. சட்டப் பிரிவு முழுவதும் ரத்தாகிவிடவில்லை. 4473 படிவத்தின் கேள்வியும் அப்படியே இருக்கிறது. டெக்சாஸிலிருந்தே போன ஹேமானி வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. ஒன்றிரண்டு நாட்களுக்கு ஒரு முறை கஞ்சா பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டவர் பற்றிய வழக்கு அது. அதன் தீர்ப்பு வந்ததும் அதை முதலில் படியுங்கள், பிறகு இந்தப் பகுதியை. என் சொந்தக் கருத்து: மதுவுக்கு ஒரு நீதி, கஞ்சாவுக்கு ஒரு நீதி என்பது நீடிக்காது. ஆனால் அதை நிரூபிக்கும் வழக்கில் பிரதிவாதியாக நீங்கள் நிற்க வேண்டிய அவசியமில்லை.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். மைக்ரேனுக்காகக் கஞ்சா அட்டை எடுக்கலாமா? துப்பாக்கிச் சுடும் பயிற்சியும் ஆசை. – சான் ஹோசே வாசகர்

தம்பி, இரண்டுமே உங்களுக்குத் தனித்தனிக் கண்ணி. தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கவே மத்திய சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருப்பதால் அதைச் சமாளிக்கலாம். கஞ்சா அப்படியல்ல. குடியேற்றச் சட்டம் மாநில அனுமதியைக் கண்டுகொள்வதே இல்லை. தண்டனை பெறாவிட்டாலும், போதைப்பொருள் குற்றத்தை நீங்களே அதிகாரியிடம் ஒப்புக்கொள்வது நாட்டுக்குள் நுழைவதை மறுக்கப் போதுமான காரணம். கிரீன் கார்டு பெற்றவர் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் மாநிலம் அனுமதித்த கஞ்சாப் பயன்பாடும், ஏன், கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதும்கூட, குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைக் கெடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வெளிப்படையாக அறிவித்தது. மைக்ரேனுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. குடியுரிமை கையில் வரும்வரை அவற்றைக் கேளுங்கள்.

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் என்னிடம் இருக்கிறது. அட்டை எடுத்தால் அது ரத்தாகுமா? – ஓரிகன் வாசகர்

உங்கள் மாநிலத்தில் ஆகாது. அட்டையைக் காரணம் காட்டி ஷெரிஃப் அந்த உரிமத்தை மறுக்க முடியாது என்று ஓரிகன் உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்பளித்தது. ஆனால் மாநில உரிமம் மத்திய சட்டத்திலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

மருந்துதான் முக்கியம் என்று முடிவு செய்துவிட்டேன். மாமனார் கொடுத்த வேட்டைத் துப்பாக்கியை என்ன செய்வது? – டல்சா வாசகர்

உரிமம் பெற்ற கடைக்கு விற்கலாம். ஓக்லஹோமாவுக்குள்ளேயே வசிக்கும், தடையில்லாத உறவினருக்குக் கொடுக்கலாம். மைத்துனர் வேறு மாநிலத்தில் இருந்தால் நேராகக் கொடுக்காதீர்கள், அங்கே உரிமம் பெற்ற கடை வழியாகவே போக வேண்டும். கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும்: 'உன்னிடம் இருக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன்' என்றால் அது இன்னும் உங்களுடையதே. தடை செய்யப்பட்டவர் தன் துப்பாக்கிகளை வேறொருவருக்கு மாற்றலாம், ஆனால் அவற்றின் மீது தன் கை இருக்கக் கூடாது என்று 2015-இல் ஹென்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேதியும் துப்பாக்கியின் வரிசை எண்ணும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் மிஞ்சிய தோட்டாப் பெட்டியையும் மறக்காமல் அனுப்பிவிடுங்கள். தடை அதற்கும் உண்டு.