திருச்சி ஜங்ஷன் பெரிதானது தமிழ்நாட்டின் நடுவில் இருப்பதாலா?

"திருச்சி ஜங்ஷன் இவ்வளவு பெரிய சந்திப்பாக வளர்ந்தது எப்படி? தமிழ்நாட்டின் நடுவில் இருப்பதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. தேர்வில் வேண்டுமானால் "ஆம், அமைவிடமே காரணம்" என்று எழுதிவிடுங்கள், மார்க் கிடைக்கும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பேசிவருவது வேறு.

இந்தப் பக்கத்து ரயில் திருச்சியில் பிறக்கவில்லை. நாகப்பட்டினத்தில் பிறந்தது. துறைமுகம் அங்கேதான் இருந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி நாகையிலிருந்து பாதை போட ஆரம்பித்து, 1861இல் தஞ்சாவூரைத் தொட்டது, 1862இல் திருச்சிக்கு வந்தது. அப்போது திருச்சி அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன், அவ்வளவுதான். பிறகு கரூர் வழியாக 1868இல் ஈரோட்டுக்குப் போய் மெட்ராஸ் ரயில்வேயின் பாதையோடு சேர்ந்தார்கள். 1874இல் கர்நாடிக் ரயில்வே என்ற இன்னொரு கம்பெனியும் இதுவும் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. எங்கள் வீட்டில் எஸ்.ஐ.ஆர். என்றுதான் சொல்வோம்.

அடுத்து நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அகலப் பாதையாகப் போட்ட தண்டவாளத்தைப் பிடுங்கி, ஒரு மீட்டர் அகலமே உள்ள மீட்டர் கேஜாக மாற்றினார்கள். 1875இல் நாகை–திருச்சி, 1879இல் திருச்சி–ஈரோடு. செலவு குறையும் என்று கணக்கு. அதே காலத்தில் மதுரை, தூத்துக்குடிக்கும் மீட்டர் கேஜ் போனது. ஐம்பது வருடம் கழித்து, 1929இல், ஈரோட்டுப் பாதையை மறுபடி அகலமாக்கினார்கள். அதே வாக்கில் விருத்தாசலம் வழியாக விழுப்புரத்துக்குக் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை, புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு ஒரு பாதை. இன்று ஐந்து திசைக்கும் வண்டி பிரிகிறதே, அந்த வடிவம் 1920களின் கடைசியில் வந்தது. ஊர் காலம் காலமாக நடுவில்தானே இருந்தது? 1862இலும் அதே இடத்தில்தான் இருந்தது. பெரிதாக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்த பிறகுதான் பெரிதானது.

அந்த முடிவில் முக்கியமான பகுதி ஒர்க்‌ஷாப். என் தாத்தா நாகை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எஸ்.ஐ.ஆரின் பெரிய பட்டறை அங்கே இருந்தது. நாகை, போத்தனூர் என்று அங்கங்கே இருந்த பட்டறை வேலையையெல்லாம் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் ஒன்றுசேர்ப்பது என்று கம்பெனி முடிவு செய்தது. கூடவே ஆட்குறைப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்க டிரேடு டெஸ்ட், அதாவது கைவேலைத் தேர்வு.

தாத்தா இதைச் சொல்லும்போது கையால் அளந்து காட்டுவார். ஒரு இரும்புத் தகட்டில் சதுரத் துளை வெட்ட வேண்டும். இன்னொரு கட்டையை அரத்தால் ராவி அந்தத் துளைக்குள் பொருத்த வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்கார வேண்டும், விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. "பதினஞ்சு வருஷமா இன்ஜினைப் பிரிச்சுப் பூட்டினவனையெல்லாம் பையனாட்டம் வரிசையில நிக்க வச்சாண்டா" என்பார். அவர் தேறிவிட்டார். அவருடைய மச்சான் தேறவில்லை, நாகையிலேயே நின்றுவிட்டார். அந்தப் பகை இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் என் கல்யாணம் வரைக்கும் இருந்தது.

1928 ஜூலையில் எஸ்.ஐ.ஆர். முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது இந்த ஆட்குறைப்பை எதிர்த்துத்தான். வண்டிகள் நின்றன. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். போராட்டம் முறிந்தது, பட்டறை பொன்மலைக்கு வந்தது. அதோடு ஆயிரக்கணக்கான குடும்பங்கள், காலனி, ஒர்க்‌ஷாப் சங்கு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எல்லாம் வந்தன. திருச்சி ரயில்வே ஊரானது அப்படித்தான்.

நான் திருச்சிக்கு எதிரானவன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன். அமைவிடத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லவில்லை. பட்டறை போனதில் நாகை தேய்ந்தது என்றால், துறைமுகத்தின் தொழில் குறைந்ததால் தேய்ந்தது, ரயில்வே மேல் பழி போடாதே என்று எழுத வருவீர்கள், தெரியும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் சம்பளத் தேதியில் கடைத்தெருவுக்கு வருகிற அத்தனை பேரை ஒரே வீச்சில் ஊரைவிட்டு எடுத்தால் எந்த ஊரும் தேயும்.

கேஜ் இரண்டாக இருந்ததன் கஷ்டத்தை நானே பார்த்திருக்கிறேன். ஈரோட்டிலிருந்து அகல வண்டியில் வரும் மஞ்சள் மூட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டுமென்றால் திருச்சியில் இறக்கி மீட்டர் கேஜ் வேகனில் ஏற்ற வேண்டும். இரண்டு வேகனுக்கும் நடுவில் பலகை போட்டு, முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். தோள், கழுத்து எல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். 1990களின் கடைசியில் திருச்சியைச் சுற்றி மீட்டர் கேஜ் போக ஆரம்பித்த பிறகுதான் அது ஓய்ந்தது. அந்த ஆட்களைப் பற்றி எந்த ஸ்டேஷன் வரலாற்றிலும் ஒரு வரி இல்லை.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். தாத்தா அன்று அங்கே இருந்தார். அதைப் பற்றி மட்டும் எங்களிடம் பேசவே மாட்டார். 1951 ஏப்ரல் 14இல் சதர்ன் ரயில்வே உருவானபோது தலைமையகம் மெட்ராஸுக்குப் போய்விட்டது, எஸ்.ஐ.ஆரின் தலைநகரமாக இருந்த திருச்சி ஒரு டிவிஷன் ஆனது. நாகைக்கு நடந்தது திருச்சிக்கும் கொஞ்சம் நடந்தது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப். அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மா ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். சர்வீஸ் புத்தகத்தில் அம்மா பெயர் ஒரு எழுத்து மாறியிருந்ததாம். நோட்டரி கையெழுத்து, கெஜட், தாசில்தார் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கவில்லை. முட்டி வலியோடு மாடி ஏறிப்போன கிழவியை உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை. ரயில்வேக் குடும்பங்களில் இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிப்புக்காகக் கேட்டிருந்தால் ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு அரை நாள் போய் வாருங்கள். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களை இந்தக் காலத்திலும் செய்து கொடுத்தது பொன்மலைதான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பொன்மலையில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் யாரையாவது பிடித்து அவருடைய அப்பா எந்த ஊர் என்று கேளுங்கள். நாகை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.