நடுக்கோடை நோன்பும் ஈமானும்: ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. வாடகை வீடு, மொழி வகுப்பு, வங்கிக் கணக்கு என்று பலவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில்தான் மனத்தில் இருப்பதை எழுதியிருக்கிறீர்கள்: "இங்கே கோடையில் நோன்பு 19, 20 மணி நேரம் என்கிறார்களே, வேலை நேரத்தில் தொழவும் தயக்கமாக இருக்கிறது, இவற்றை நிறைவேற்றும் அளவுக்கு ஈமான் (இறைநம்பிக்கை) என்னிடம் இல்லையோ?" வீட்டையும் வங்கியையும் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள்; அவை எப்படியும் சரியாகிவிடும். நான் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஏனெனில் 2015-இல் நான் ஒஸ்லோ வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே, ஜூன் நடுவில், ரமலான் பிறந்தது.

அந்த நாட்களில் சூரியன் அதிகாலை 4 மணிக்கு முன்பே உதித்து, இரவு 10.40-ஐத் தாண்டித்தான் மறையும். மறைந்த பிறகும் தொடுவானத்திற்குக் கீழே 7 பாகை அளவுக்குத்தான் இறங்கும். அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் வழக்கமாகக் கணக்கிடும் 15 அல்லது 18 பாகையை அது எட்டுவதே இல்லை என்பதால் வானம் முழுதாக இருட்டாது. அதனால் ஸஹர் (நோன்புக்கு முன் விடியலுக்குள் உண்ணும் உணவு) முடியும் நேரமும் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும். இரவை ஏழு பங்காக்கிக் கணக்கிடுவோரும் உண்டு, நள்ளிரவை எல்லையாகக் கொள்வோரும் உண்டு. விவரமறிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் கேட்டு ஒரே ஓர் அட்டவணையைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். இன்றைக்கு ஒரு பள்ளியின் நேரம், நாளைக்கு இன்னொரு பள்ளியின் நேரம் என்று வசதி பார்த்து மாற்றிக்கொண்டவர்களுக்கு நோன்பு இலகுவானதாக நான் காணவில்லை. மாதம் முழுவதும் சந்தேகத்திலேயே கழிந்தது.

ஈமான் போதிய அளவு சேரட்டும், பிறகு கடமையைத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இறைவசனங்கள் ஓதப்படும்போது முஃமின்களின் (நம்பிக்கையாளர்களின்) ஈமான் அதிகரிக்கும் என்று குர்ஆன் (8:2) கூறுகிறது. அதிகரிக்கக்கூடிய ஒன்று, குறைவாக இருக்கும் நாளிலும் ஈமான்தான். என் முதல் ரமலானில் ஸஹருக்கு எழும்போதெல்லாம் இன்று தாங்காது என்றே தோன்றும். சூரியன் மறையும் மஃரிப் வேளையில் நோன்பு திறந்து முதல் மிடறு தண்ணீர் இறங்கும்போது, காலையில் இல்லாத உறுதி எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கும்.

பசியைவிட என்னை வாட்டியது பிறருக்குத் தெரியாமல் மறைக்கும் பழக்கம்தான். அப்போது நான் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். அங்கே கழிவறையில் கைகழுவும் தொட்டி மட்டுமே இருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுச் செய்ய வலக்காலைத் தூக்கி அதன் விளிம்பில் வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கிறதா என்று காதைத் தீட்டியபடி நின்ற நாட்கள் பல. நண்பகல் தொழுகையான லுஹரை அட்டைப்பெட்டிகளின் மறைவில் அவசர அவசரமாக முடிப்பேன். ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மேற்பார்வையாளரிடம் நேரே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: எத்தனை நிமிடம் ஆகும்? அன்று மாலையே பொருள் வைக்கும் அறை ஒன்றின் சாவி என் கையில் இருந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது. ஆயினும் கேட்பதற்கு முன்பே மறுக்கப்பட்டதாக எண்ணிக்கொள்வது நம்மவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம், அதை விட்டொழியுங்கள். பெருநாள் விடுப்புக்கோ சட்டமே துணை இருக்கிறது: நார்வே திருச்சபையைச் சேராத சமயத்தவர்க்குத் தம் சமயப் பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 2 நாள் விடுப்புரிமை உண்டு. 14 நாட்களுக்கு முன்பே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தை ஈடுசெய்யுமாறு அவர் கேட்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை மனிதர்களைப் பற்றியது. புலம்பெயர்ந்த நம்மவர்களில் ஒரு சாரார், இங்கே இதெல்லாம் நடக்காது என்று வந்த மாதத்திலேயே உங்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் முயன்று பார்க்காதவர்கள். மறுசாரார் பிறருடைய நோன்பைக் கணக்கெடுப்பதையே வணக்கமாக்கிக்கொண்டவர்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் மருத்துவர் சொற்படி நோன்பை விட்டதற்காக, இவர்கள் அவரைப் பள்ளிவாசல் வாசலிலேயே குத்திப் பேசியதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று சொல்லும் அதே வசனம்தான் (2:185), அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான் என்றும் சொல்கிறது. சலுகையைத் தந்தவனும் அவனே, கட்டளையிட்டவனும் அவனே.

அந்த ஆண்டு எனக்குக் கைகொடுத்தவர் 1970களின் தொடக்கத்தில் பாகிஸ்தானிலிருந்து தொழிலாளியாக வந்த ஒரு பெரியவர். ரமலான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பருவங்களைச் சுற்றி வருவதால், 1980களின் தொடக்கத்தில் இதே நடுக்கோடை நோன்பை அவர் தொழிற்சாலை வேலையோடு நோற்றிருந்தார். முப்பது நாளையும் எண்ணி நான் மலைத்து நின்றபோது, "நிய்யத் (நோன்பு நோற்கும் உறுதி) அன்றைய நோன்புக்கு மட்டும்தானே வைக்கிறோம், மற்ற இருபத்தொன்பதை ஏன் சுமக்கிறாய்?" என்றார். அதன்பின் நான் மாதத்தை எண்ணவில்லை.

உங்களுக்கு அமைந்திருப்பதோ இலகுவான காலம். ரமலான் இப்போது குளிர்காலத்தை நோக்கி நகர்கிறது. 2030-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றுமாக இருமுறை தொடங்கும். அவற்றின் தொடக்க நாட்களில் இங்கே பகல் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் இராது. நடுக்கோடை நோன்பு திரும்பி வர 2040களின் பிற்பாதி ஆகும். எனவே அதை நினைத்து இப்போதே கலங்காமல், வரும் திங்கட்கிழமை உங்கள் மேற்பார்வையாளரிடம் லுஹருக்குப் பத்து நிமிடம் கேளுங்கள்.