இஏடி (வேலை அனுமதி அட்டை) இன்னும் வரவில்லை. அதற்குள் வீடு, கார், அம்மா அப்பாவுக்குப் பணம்?

கேள்வி: சென்னையில் ஏழு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். கல்யாணம் முடிந்து 2025 ஆகஸ்டில் துணைவருக்கான எச்-4 விசாவில் டாலஸ் வந்தேன். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், அவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது. டிசம்பரில் என் இஏடிக்கு விண்ணப்பித்தோம், இன்னும் வரவில்லை. பிடித்தமெல்லாம் போக அவர் கைக்கு மாதம் 7,600 டாலர் வருகிறது. வாடகை 1,900. ஊரில் என் பெயரில் 14 லட்சம் ரூபாய் எஃப்டியும் 4 லட்சம் மியூச்சுவல் ஃபண்டும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் நான் சேர்த்தவை. எஸ்ஐபி இன்னும் ஓடுகிறது. மதுரையில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதம் 20,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்காக இவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது. எஃப்டியை உடைத்து எனக்கொரு கார் வாங்கலாமா? "நீயும் சீக்கிரம் வேலைக்குப் போய்விடுவாய், இப்போதே வீடு புக் செய்துவிடலாம்" என்கிறார் கணவர். பழைய மேனேஜரோ, "அங்கிருந்தே வேலையைப் பாருங்கள், சம்பளத்தை இந்தியக் கணக்கில் போட்டுவிடுகிறோம்" என்கிறார். செய்யலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சஸ்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் சறுக்கினால் மற்றவற்றைப் பேசியே பயனில்லை.

மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சம்பளம் எந்த நாட்டுக் கணக்கில் விழுகிறது என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நீங்கள் எந்த மண்ணில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். "இந்தியக் கம்பெனிதானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று பக்கத்து அபார்ட்மென்டில் சொல்வார்கள். நாளைக்கு கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் நிரப்பும்போது, அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று நேராகவே ஒரு கேள்வி இருக்கும். அங்கே பொய் சொன்னால் வேலை செய்ததைவிடப் பெரிய சிக்கல். ஆறு மாதச் சம்பளத்துக்காக அந்த இடத்தில் போய் நிற்க வேண்டாம். எஃப்டி வட்டி, ஊரில் வீடு இருந்தால் அதன் வாடகை, இவை உழைத்துப் பெறும் கூலி இல்லை என்பதால் தாராளமாக வரலாம். யூடியூப், டியூஷன், வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து விற்பது போன்றவை எல்லாம் வேலைதான். எதையாவது தொடங்க ஆசையிருந்தால் என்னை விட்டுவிட்டு இமிகிரேஷன் வக்கீலைக் கேளுங்கள்.

அடுத்து வீடு. உங்கள் கணவரோடு நான் ஒத்துப்போகாத இடம் இது. நிதானமாகவே சொல்கிறேன், அவரும் படிக்கட்டும்.

இஏடி ஒருமுறை வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நினைப்பில்தான் அவர் கணக்குப் போடுகிறார். உங்கள் இஏடி, எச்-4 காலத்தோடு கட்டப்பட்டது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதி முடியும்போது அதுவும் முடியும். முன்பு காலாவதிக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், எச்-4 காலம் மீதமிருக்கும்வரை 540 நாள் வரை தானாக நீட்டிப்பு கிடைத்தது. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே புது அட்டை கைக்கு வரத் தாமதமானால், நல்ல வேலையில் இருந்தாலும் நடுவில் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் இந்த இடைவெளி வரக்கூடும். இன்னொன்று, எச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி தருவது 2015 மே 26-ல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி, அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டமில்லை. அதை எதிர்த்து நடந்த வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது நமக்கு நிம்மதி. ஆனாலும் விதியை அரசாங்கம் நினைத்தால் திரும்ப மாற்றலாம்.

இதைவிட முக்கியமானது, நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போனாலும் உங்கள் இரண்டு சம்பளங்களும் ஒரே ஆணியில் மாட்டிய இரண்டு சட்டைகள். கணவர் வேலை போனால் அவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனமோ வேறு வழியோ அமையாவிட்டால் அவருடைய எச்-1பி-யோடு உங்கள் எச்-4, அதை நம்பியிருக்கும் இஏடி எல்லாம் சேர்ந்தே விழும். இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பதியில் ஒருவருக்கு வேலை போனால் இன்னொருவர் சம்பளம் நிற்கும். உங்களுக்கு அது இல்லை. டாலஸைச் சுற்றியுள்ள பல புறநகர்களில் சொத்து வரி மட்டுமே வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கடன் தவணையும் காப்பீடும் தனி.

அதனால் என் யோசனை இது. குடும்பத்தை எப்போதும் ஒரு சம்பளத்தில் நடத்துங்கள், இஏடி வந்த பிறகும்தான். அவர் சம்பளத்தை மட்டும் வைத்துத் தவணை கட்ட முடிகிற வீடு என்றால் பாருங்கள், அதுவும் அவசரக் கையிருப்பு சேர்ந்த பிறகு. உங்கள் சம்பளம் வந்தால் முன்பணத்துக்கும் ஓய்வுக்காலத்துக்கும் போகட்டும். அது நின்றால் சேமிப்பு மட்டும் நிற்க வேண்டும், சாப்பாடு நிற்கக் கூடாது.

கையிருப்பு எவ்வளவு? செலவுப் பட்டியல் நீங்கள் அனுப்பவில்லை, தோராயமாகச் சொல்கிறேன். வாடகை 1,900, மளிகை, பெட்ரோல், கார் இன்சூரன்ஸ், போன், கரன்ட் எல்லாம் சேர்த்து 2,500, ஊருக்கு 200 சொச்சம். மாதம் 4,600-ல் முடித்தால் 3,000 மிஞ்சும். ஆறு மாதச் செலவு 27,600 டாலர். ஒன்பது, பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். இதை வட்டி நன்றாகத் தரும் சேமிப்புக் கணக்கில், இருவர் பெயரிலும் வையுங்கள். எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று காட்டினால் பல வங்கிகள் கூட்டுக் கணக்கில் பெயர் சேர்க்கும். சில மறுக்கும். இணையத்தில் முயலாமல் கிளைக்கு இருவருமாக நேரில் போங்கள்.

இப்போது அந்தக் கூச்சம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். நீங்கள் இருப்பது டெக்சஸ். அங்கே சட்டப்படி கல்யாணத்துக்குப் பின் கணவனோ மனைவியோ வாங்கும் சம்பளம் இருவருக்கும் பொதுச் சொத்து. அந்த 7,600 டாலர் அவர் பெயரில் வருகிறது, அவ்வளவுதான். சட்டத்தைக் காட்டி வீட்டில் பேசச் சொல்லவில்லை. ஆனால் "கேட்கிறேன்" என்ற இடத்தில் நீங்கள் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். மாதப் பட்டியலில் வாடகை, இன்டர்நெட் வரிசையில் "மதுரை" என்று ஒரு வரி எழுதுங்கள். மாதா மாதம் அதே தேதியில் கூட்டுக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிட்டால், ஒவ்வொரு முறையும் பேச்சை எடுக்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக்கு அனுப்புவது இருந்தால் அதற்கும் ஒரு வரி. 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரொக்கம், மணி ஆர்டர், காசாளர் காசோலை கொடுத்து அனுப்பினால்தான் அது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் கிடையாது.

எஃப்டியைத் தொடாதீர்கள். காருக்காக நிச்சயம் வேண்டாம். அதே டெக்சஸ் சட்டப்படி கல்யாணத்துக்கு முன் சேர்த்தது உங்கள் தனிச் சொத்து. ஆனால் இங்கே கொண்டுவந்து கூட்டுக் கணக்கில் கலந்து செலவு செய்துவிட்டால், இது என் தனிப் பணம் என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம். (இப்போது அதில் வருகிற வட்டி மட்டும் பொதுச் சொத்தில் சேரும். டெக்சஸின் வினோதங்களில் ஒன்று.) பிரிவை நினைத்து இதைச் சொல்லவில்லை. வேலை பார்க்க முடியாத காலத்தில் தன் பெயரில் தனியாக ஒரு தொகை இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு என்பதை இந்த வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கணக்கை மாற்ற வேண்டும். நீங்கள் இப்போது என்ஆர்ஐ. சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் வசிப்போருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். எஃப்டி வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் டிடிஎஸ் பிடிப்பார்கள். அமெரிக்காவில் வரி கட்டுபவர் என்ற சான்றிதழ் கையில் வந்ததும் அதைக் கொடுத்து, இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதமாகக் குறைக்கலாம். எஸ்ஐபியை இந்த மாதமே நிறுத்துங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்க வருமான வரி மிகக் கடுமையாக நடத்துகிறது, 8621 என்ற படிவம் வேறு. 4 லட்சம் என்பதால் இப்போதைக்கு அந்தப் படிவத் தொல்லை பெரும்பாலும் வராது. விற்பதற்கு முன் மட்டும், இரு நாட்டு வரியும் தெரிந்த ஒரு சிபிஏவிடம் (அமெரிக்கக் கணக்காளர்) பேசுங்கள். 2026-லிருந்து உங்களுக்கு எஃப்பிஏஆர் என்ற அறிக்கையும் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். உங்கள் 14 லட்சமே தாண்டிவிடும். அதற்கு வரி இல்லை, தெரிவித்தால் போதும். தெரிவிக்காமல் விட்டால்தான் அபராதம்.

2025 வருமான வரியில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆகஸ்டில் வந்ததால் 183 நாள் கணக்கில் நீங்கள் வரிக்கு ரெசிடென்ட் (அமெரிக்காவில் வசிப்பவர்) ஆகவில்லை. ஆனாலும் கணவர் வரிக்கணக்கில் ரெசிடென்ட் என்பதால், உங்களையும் அப்படியே கருதும்படி இருவரும் கையெழுத்திட்டு ஒரு அறிக்கையை இணைத்தால் கூட்டாகத் தாக்கல் செய்யலாம். தனியாகச் செய்தால் வரிக்கு முன் வருமானத்தில் கழியும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 டாலர், கூட்டாகச் செய்தால் 31,500. அவர் 22 சதவீத அடுக்கில் இருந்தால் இந்த வித்தியாசம் மட்டுமே 3,400 டாலருக்கு மேல். பதிலுக்கு, வேலையை விடும்வரை சென்னையில் வாங்கிய 2025 சம்பளத்தையும் அமெரிக்கக் கணக்கில் காட்ட வேண்டும். ஊரில் கட்டிய வரியைக் கழிக்க வழி உண்டு. ஃபார்ம் 16-ஐத் தேடி எடுத்து வையுங்கள். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் விஷயத்தில் கூட்டுத் தாக்கல்தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு எஸ்எஸ்என் அல்லது ஐடிஐஎன் (எஸ்எஸ்என் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) வேண்டும். ஐடிஐஎன் வாங்க டபிள்யூ-7 படிவத்தை வரித் தாக்கலோடு அனுப்ப வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதற்குப் போகமாட்டேன். ஏப்ரல் 15-க்குள் 4868 படிவம் போட்டால் அக்டோபர் 15 வரை அவகாசம். அதற்குள் இஏடி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. இஏடிக்கான ஐ-765 படிவத்திலேயே எஸ்எஸ்என் கேட்டிருந்தால் அந்த அட்டையும் தனியாகத் தபாலில் வரும். கேட்டோமா என்று நகலை எடுத்துப் பாருங்கள். ஆனால் அவகாசம் தாக்கலுக்குத்தான். வரி பாக்கி இருந்தால் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். ரீஃபண்ட் பணம் அவசரம் என்றால் மட்டும் ஐடிஐஎன் வழி. அப்போதும் அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாமல், ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அங்கீகரித்த முகவரிடம் நேரில் காட்டிச் சான்று வாங்குங்கள்.

கார் தேவைதான், டாலஸில் கார் இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பீர்கள். முதலில் லைசென்ஸ். எஸ்எஸ்என் இல்லாதவர்கள் டெக்சஸில் அதற்கான உறுதிமொழியில் கையெழுத்திட்டு லைசென்ஸ் வாங்கலாம். அப்புறம் கார் பார்க்கும் முன்பே இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். புது ஓட்டுநர் என்பதால் தொகை அதிரவைக்கும், சில சமயம் எந்தக் கார் என்பதையே அது தீர்மானித்துவிடும். நாலைந்து மாதச் சேமிப்பில் கடனில்லாமல் வாங்கும் பழைய கார் போதும். ஆறு வருடத் தவணையில் புது எஸ்யுவி வேண்டாம்.

சின்ன வேலைகள் இரண்டு. கணவரின் கிரெடிட் கார்டில் உங்களையும் கூடுதல் பயனாளராகச் சேருங்கள். எஸ்எஸ்என் இல்லாமல் எல்லா நிறுவனமும் உங்கள் பெயரில் கடன் வரலாற்றைப் பதிவு செய்யாது, இருந்தாலும் இழப்பில்லை. இன்னொன்று, ஆபீஸில் அவருக்குக் கொடுத்த ஆயுள் காப்பீட்டில் வாரிசு யார் என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் நிரப்பியதென்றால் அவர் அப்பா பெயர்தான் இருக்கும். அவருக்கு ஏதாவது ஆனால் உங்களுக்கு வருமானமும் இல்லை, விசாவும் இல்லை. அதனால் தனியாக ஒரு டேர்ம் பாலிசியும் அவசியம்.

எச்-4-ல் படிக்கத் தடையில்லை. கம்யூனிட்டி காலேஜில் ஒரு கோர்ஸ் சேர்வது நல்ல செலவு. ஆனால் "பயிற்சி கொடுத்து, அனுபவம் போட்டு, வேலையும் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகள் உங்களைத் தேடி வரும். ரெஸ்யூமில் இல்லாத அனுபவத்தை எழுதச் சொல்கிற இடத்துக்கு ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். ஏழு வருட உண்மையான அனுபவம் உங்களிடம் இருக்கிறது.

அட்டை வந்த அன்றைக்கு அதில் முடிவுத் தேதி என்னவென்று பாருங்கள். புதுப்பிக்க 180 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். எச்-4 நீட்டிப்பும் தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், கணவரின் நிறுவன வக்கீலிடம் அதற்கும் ஒரு மாதம் முன்பே பேச்சை ஆரம்பியுங்கள். இஏடிக்கு இன்றைய கட்டணம் ஆன்லைனில் 470 டாலர், காகிதத்தில் 520. கூடுதல் பணம் கட்டி வேகப்படுத்தும் பிரீமியம் வசதி எச்-4 இஏடிக்குக் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.