பதில்: அண்ணனின் வாட்ஸ்அப் வசைகளும் யுங்கின் 'நிழலும்'

சாந்தமான உங்கள் அண்ணன் குடும்பக் குழுவில் மட்டும் வடமாநிலத் தொழிலாளர்களை ஏன் இப்படித் திட்டுகிறார், சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் சொன்ன 'நிழல்' இதற்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஓரளவு பொருந்தும். தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாததை அடுத்தவர் முகத்தில் பார்க்க வைப்பது நிழல். "வேலையைப் பறிக்கிறான், கூட்டமா வந்து குவியுறான்" என்கிறார் அல்லவா? 1966-இல் தொடங்கிய சிவசேனை, பம்பாயில் தென்னிந்தியர்களைப் பார்த்து ஏறக்குறைய இதையேதான் சொன்னது. மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகப் போனதும் நம் ஆட்களே. பேசாமல் புதைத்த அந்த அவமானம் இப்படியும் தலைகாட்டலாம். இப்படி ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் பழைய காயத்தைப் பண்பாட்டு மனச்சிக்கல் என்கிறார்கள், யுங்கைப் பின்பற்றும் பிற்கால உளவியலாளர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் இதில் அடைக்காதீர்கள். 1936-இல் யுங், நாஜி எழுச்சியைப் பொருளாதாரத்தையும் அரசியலையும்விட வோட்டான் என்ற பழைய ஜெர்மானியத் தெய்வமே அதிகம் விளக்கும் என்று எழுதினார். எனக்கு அது ஒப்பவில்லை. கூலி குறைவதும் நிஜமான பயம்தான்; அண்ணனின் வேலை நிலவரத்தையும் விசாரியுங்கள்.

குழுவில் மட்டும் "இது உங்க நிழல்" என்று எழுதிவிடாதீர்கள். (என் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன், ஆறு மாதம் பேச்சு நின்றது.) தனியாக டீ குடிக்கக் கூட்டிப்போய், பிழைக்க வெளியூர் போன தாத்தா, பெரியப்பா யாராவது உண்டா என்று கேளுங்கள்.