ஆறு நாட்களில் தெரியும் குணம்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் 1-ஆம் அதிகாரம், அதாவது தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்த பகுதி, நடத்துகிறேன். நாட்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தேவனுடைய குணம் மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: ஆறையும் ஒரே வரிசையாக எழுதுவதால்தான் அப்படி ஆகிறது. பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. வெளிச்சத்துக்கு எதிரே சூரியன், சந்திரன் முதலான சுடர்கள், வானத்துக்கும் தண்ணீருக்கும் எதிரே பறவையும் மீனும், நிலத்துக்கு எதிரே மிருகமும் மனிதனும் வரும். 2-ஆம் வசனத்தின் ‘ஒழுங்கின்மை’ இடப்பக்கம் தீர்கிறது, ‘வெறுமை’ வலப்பக்கம் நிறைகிறது. புல்லும் கனிமரமும் 3-ஆம் நாளே முளைத்துவிடுகின்றன, தின்ன வேண்டியவர்கள் 6-ஆம் நாள்தான் வருகிறார்கள். விருந்தாளி வருமுன்பே உலை வைக்கிற அன்பு இது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

‘நல்லது என்று கண்டார்’ என்பதைப் பிள்ளைகளே எண்ணட்டும். ஆறு முறை வரும். 31-ஆம் வசனத்தில் ‘மிகவும் நன்றாயிருந்தது’. தாம் செய்ததை நின்று பார்த்து மகிழ்கிறவர் அவர்.

சூரியனுக்கு முன் வெளிச்சம் எப்படி என்று நிச்சயம் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். 16-ஆம் வசனத்தில் சூரியன், சந்திரன் என்ற பெயரே இல்லை, ‘பெரிய சுடர்’, ‘சிறிய சுடர்’ மட்டுமே. அக்கம்பக்கத்து நாடுகள் கும்பிட்டவற்றை விளக்காக ஏற்றி வைத்தவர் என்று காட்டுங்கள்.